பழைய புல்லட்டில் வேறு என்ஜின் ஏற்றியாச்சு, வண்டி முரண்டு பிடிக்கிறது: எங்கே கை வைப்பது?

பழைய புல்லட் வைத்திருப்பவருக்கு என்றைக்காவது இந்த நாள் வரும். கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) போயிருக்கும், அதைச் சுற்றியிருக்கும் கேஸில் விரிசல் விட்டிருக்கும். லேத் பட்டறையில் சொல்லும் தொகையைக் கேட்டதும், அதற்கு வேறொரு முழு என்ஜினையே வாங்கி ஏற்றிவிடலாமே என்று தோன்றும். ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. இரண்டு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல ஸ்பேனர் செட் இருந்தால் போதும். ஏற்றிய பிறகுதான் கூத்து தொடங்கும்.

இங்கே நான் எழுதுவது 346 சிசி இரும்பு சிலிண்டர் என்ஜினைப் பற்றி. திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் 1955 முதல் ஐம்பது வருடத்துக்கு மேலாகப் பெரிய மாற்றம் இல்லாமல் செய்துகொண்டிருந்தார்களே, அதுதான். 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), பாயிண்ட் இக்னிஷன் (இரண்டு உலோக முனைகள் திறந்து மூடித்தான் ஸ்பார்க் வரும்), தனி கியர்பாக்ஸ், வலது காலில் கியர். பின்னால் வந்த யுசிஇ என்ஜினில் கியர்பாக்ஸும் சேர்ந்தே இருக்கும். அதைப் பழைய பிரேமில் வைக்கப் பிரேமை அறுக்க வேண்டியிருக்கும். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

இதுவரை மூன்று வண்டிகளில் என்ஜின் மாற்றியிருக்கிறேன். மூன்று முறையும் முதலில் "ஏமாந்துட்டோம், என்ஜின் சரியில்லை" என்றுதான் நினைத்தேன். மூன்று முறையும் என்ஜினில் தப்பில்லை. பழைய வண்டியும் புது என்ஜினும் சேரும் இடத்தில்தான் கோளாறு இருந்தது: எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி), ஆயில் வழி, மௌண்டிங் (என்ஜினைப் பிரேமில் பிடிக்கும் போல்ட், பிளேட்), டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்). ஆகவே கீழே எந்தக் கோளாறைப் பார்த்தாலும் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் இந்த நான்கையும் பாருங்கள்.

ஸ்பேனர் எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை. என்ஜின் நம்பர் மாறினால் ஆர்சி புத்தகத்திலும் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. முன் அனுமதி வாங்காமல் என்ஜினை மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். அதனால் என்ஜின் வாங்கும்போதே அது எந்த வண்டியில் இருந்தது என்பதற்கான காகிதத்தையும் பில்லையும் சேர்த்து வாங்குங்கள். நம்பரைச் சுரண்டிய கேஸ், மேலே புதிதாகக் குத்திய நம்பர் என்று எதையாவது பார்த்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

எவ்வளவு உதைத்தாலும் ஒரு சத்தமும் இல்லை

முதலில் அம்மீட்டரைப் பாருங்கள். புல்லட்டில் ஹெட்லைட் மேலே இருக்கும் அந்தச் சின்ன வட்டம் பாதி வைத்தியம் பார்த்துவிடும். லைட்டை அணைத்து, சாவியைப் போட்டு, டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்துங்கள். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். இப்படி ஆடினால் பாயிண்ட் வரைக்கும் கரண்ட் போய் வருகிறது.

முள் அசையவே இல்லை என்றால் சுற்று எங்கேயோ அறுந்திருக்கிறது. எப்போதும் மைனஸிலேயே நின்றால், பாயிண்ட் திறக்கவில்லை. அல்லது பாயிண்டுக்குப் போகும் வயர் உடம்பில் தொட்டுக்கொண்டிருக்கிறது. பாயிண்ட் போல்ட்டில் இருக்கும் ஃபைபர் வாஷரை இடம் மாற்றிப் போட்டால் இப்படித்தான் ஆகும். அது சின்ன வாஷர், கழற்றும்போது எண்ணெயில் ஒட்டிக்கொண்டு கீழே விழுந்துவிடும்.

முள் அசையாததற்கு நான் கண்ட முதல் காரணம் எர்த். என் முதல் வண்டியில் நடந்தது இது. பிரேமைப் பவுடர் கோட்டிங் கொடுத்து, கண்ணாடி மாதிரி வாங்கி வந்திருந்தேன். என்ஜினை ஏற்றி, எல்லா போல்ட்டையும் இறுக்கி, மதியம் வரை உதைத்தேன். காயிலை மாற்றினேன், கண்டென்சரை மாற்றினேன், பிளக் மூன்று மாற்றினேன். கடைசியில் தெருமுனையில் கடை வைத்திருக்கும் அண்ணன் வந்தார். வந்தவர் எதையும் கழற்றவில்லை. ஒரு துண்டு வயரை எடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் இன்னொரு முனையைச் சிலிண்டர் பட்டையிலும் பிடித்தார். "இப்ப உதைங்க தம்பி" என்றார். கழற்றிப் படுக்க வைத்திருந்த பிளக்கில் நீலமாகச் சொடுக்கியது.

"பிரேம்ல ஒரு இடம் விடாம பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கீங்க. கரண்ட் எந்த வழியா வீட்டுக்குப் போகும்?"

விஷயம் இதுதான். பேட்டரியின் எர்த் வயர் பிரேமில் இருக்கிறது. பாயிண்டோ என்ஜினில் இருக்கிறது. என்ஜினுக்கும் பிரேமுக்கும் இடையில் கரண்ட் போவது மௌண்டிங் போல்ட், பிளேட் வழியாகத்தான். அங்கே புதுப் பெயிண்ட் ஏறினால் கதவு சாத்தியாச்சு. பிளேட் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டலாம், ஆனால் அங்கே சீக்கிரம் துரு பிடிக்கும். அதைவிட, கிராங்க் கேஸ் ஸ்டட் ஒன்றிலிருந்து பேட்டரி எர்த் முனைக்குத் தனியாக ஒரு தடித்த வயர் இழுத்துவிடுங்கள். எந்த என்ஜின் மாற்றினாலும் இதை நான் முதலிலேயே செய்துவிடுகிறேன்.

எர்த் சரியாக இருந்தும் கரண்ட் வரவில்லையா? பாயிண்ட் முனைகளைப் பாருங்கள். கடையில் வருடக்கணக்கில் கிடந்த என்ஜினில் பாயிண்ட் மேல் ஒரு மெல்லிய பூஞ்சை மாதிரி ஏறியிருக்கும். எமரி தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்தால் போதும். பிளக் இடைவெளி 0.5 மி.மீ. பக்கத்தில் இருக்கட்டும்.

கிக்கர் திருப்பி அடிக்கிறது, கார்புரேட்டர் தும்முகிறது, சைலன்சரில் வெடிக்கிறது

மூன்றுமே டைமிங் பேசும் பாஷை. கிக்கர் திருப்பி அடித்தால் அட்வான்ஸ் அதிகம், அதாவது ஸ்பார்க் சீக்கிரமே விழுகிறது. என் சித்தப்பாவுக்குக் கணுக்கால் வீங்கி ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை, விளையாட்டில்லை. சைலன்சர் பைப் சீக்கிரமே நீலம் பாய்ந்து, வண்டி இழுக்காமல் சோம்பினால் டைமிங் பின்தங்கியிருக்கிறது. ஒழுங்கே இல்லாமல் முன்னாலும் பின்னாலும் வெடித்தால் பெரும்பாலும் தவறான சுற்றில் டைமிங் வைத்திருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு இரண்டு முறை வரும்: ஒன்று கம்ப்ரஷனில், இன்னொன்று புகையை வெளியே தள்ளும்போது. பாயிண்ட் கேம் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஸ்பார்க். தப்பான உச்சியில் வைத்து இறுக்கிவிட்டால் வால்வு திறந்திருக்கும்போது ஸ்பார்க் விழும். டேப்பட் மூடியைத் திறந்து பாருங்கள். இரண்டு புஷ்ராடும் (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பிகள்) விரலால் சுற்ற முடிகிறதா? அப்போதுதான் அது கம்ப்ரஷன் உச்சி.

இனி டைமிங் வைப்பது. வரிசை முக்கியம். முதலில் பாயிண்ட் இடைவெளி: கேமின் மேடு பாயிண்ட்டைத் தூக்கி நிற்கும் இடத்தில் 0.35 முதல் 0.40 மி.மீ. இதை அப்புறம் தொட்டால் டைமிங்கும் மாறிவிடும், ஆகவே முதலில் இதுதான். அடுத்து, ரேஸ் ஏற ஏற ஸ்பார்க்கை முன்னே தள்ளும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேமை விரலால் திருகி விட்டால் ஸ்பிரிங் அதைப் படக்கென்று பழைய இடத்துக்கு இழுக்க வேண்டும். வெகுநாள் ஓடாமல் கிடந்த என்ஜினில் இது துருவில் சிக்கி, முழு அட்வான்ஸிலேயே நிற்கும். அந்த நிலையில் எத்தனை முறை டைமிங் வைத்தாலும் கிக்கர் அடிக்கும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிளக் ஓட்டை வழியாக ஒரு சைக்கிள் ஸ்போக்கை உள்ளே விட்டு, பிஸ்டன் தலையில் உட்கார வைத்து, எங்கே மேலேறி நிற்கிறதோ அங்கே மார்க் செய்யுங்கள். ஓட்டை சாய்வாக இருப்பதால் ஸ்போக்கை ஒரே கோணத்தில் பிடிக்க வேண்டும், விடவும் கூடாது. உள்ளே நழுவினால் ஹெட் கழற்ற வேண்டியதுதான். பிறகு சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றி, ஸ்போக் அரை அங்குலம் போல இறங்கியதும் நிறுத்தி, முன்னோக்கி மெதுவாகக் கொண்டுவாருங்கள். பின்னால் போய் முன்னால் வருவது கியர் பற்களின் தளர்வை எடுத்துவிடத்தான். உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே நிறுத்துங்கள். அட்வான்ஸ் எடைகள் முழுக்க உள்ளே இருக்கும் நிலையில், பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

திறக்கிறதா என்று எப்படித் தெரியும்? சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாள் ஒரு துண்டை பாயிண்ட் நடுவில் வைத்து, விரலால் லேசாக இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் பெட்டி) உடலைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி, உடலை மயிரிழையாகத் திருப்புங்கள். தாள் பிடிபட்டிருக்கும், பிடிபட்டிருக்கும், திடீரென்று நழுவும். அந்த நழுவல்தான் நமக்கு வேண்டியது. கிழிந்து வந்தால் இன்னும் மூடித்தான் இருக்கிறது. கேம் சுற்றும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிடார்ட். நட்டை இறுக்கும்போது உடல் கொஞ்சம் நகரும், ஆகவே இறுக்கியபின் தாளை வைத்து மறுபடி ஒருமுறை பாருங்கள். நான் அந்த இன்னொரு முறையைத் தவிர்த்த இரண்டு தடவையும் மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஸ்லோ நிற்கவில்லை

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்ததும் அணைகிறது. அல்லது ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ரேஸ் இறங்காமல் மேலேயே நிற்கிறது. காற்று திருட்டு வழியில் உள்ளே போகிறது. கார்புரேட்டர் ஹெட்டில் உட்காரும் இடத்தில் ஒரு தடித்த ஃபைபர் துண்டும் பேக்கிங்கும் இருக்கும். என்ஜின் கை மாறும்போது அந்த ஃபைபர் துண்டு வளைந்திருக்கும், அல்லது இல்லவே இருக்காது. கண்ணாடித் தட்டில் எமரி தாளை ஒட்டி, அதில் ஃப்ளேஞ்சை எட்டு வடிவில் தேய்த்துத் தட்டையாக்கி, புது பேக்கிங் போடுங்கள். சந்தேகம் இருந்தால் என்ஜின் ஓடும்போது இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் ஆயிலைத் தூரிகையால் தடவுங்கள். ரேஸ் மாறினால் ஓட்டை அங்கேதான். பெட்ரோல் தெளித்துப் பார்ப்பார்கள் சிலர். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் வேண்டாம்.

ஓடுகிறது, ஆயில் சுற்றுகிறதா என்று தெரியவில்லை

இதை "கோளாறு" என்று எழுதுவதே தப்பு. சத்தம் எதுவும் வராமல், வண்டி நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும்போதுதான் இது என்ஜினைக் கொல்லும். ஆகவே நீளமாகச் சொல்கிறேன்.

இந்த என்ஜினில் ஆயில் டாங்க் தனியாக இல்லை, கிராங்க் கேஸிலேயே ஒரு அறையாக வார்த்திருக்கிறார்கள். சுமார் 2.25 லிட்டர் பிடிக்கும். இரண்டு பம்ப். ஒன்று டாங்கிலிருந்து எடுத்து ஃபில்டர் வழியாக கிராங்க்கின் பெரிய முனைக்கு (கனெக்டிங் ராடு கிராங்க்கில் சேரும் இடம்) அனுப்பும். இன்னொன்று கேஸ் அடியில் சேரும் ஆயிலை இழுத்துத் திருப்பி அனுப்பும், போகிற வழியில் ராக்கருக்கும் (ஹெட்டில் வால்வை அழுத்தும் கை) கொஞ்சம் கொடுக்கும். பெரிய முனையில் இருப்பது உருளை பேரிங் இல்லை, மிதக்கும் புஷ். ஆயில் இல்லாமல் அதற்கு ஆயுள் நிமிடக் கணக்கில்தான்.

நிறைய பேர் ராக்கர் குழாயைத் தளர்த்திப் பார்த்து, "ஆயில் வருது, சரி" என்று விட்டுவிடுகிறார்கள். அது திரும்பும் பம்ப் வேலை செய்கிறது என்பதற்குத்தான் சாட்சி. கிராங்க்குக்குப் போகும் வழி அடைத்திருந்தாலும் ராக்கரில் ஆயில் வரும். கேஸ் அடியில் ஏற்கனவே இருப்பதை எடுத்து ஊற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கிராங்க் பக்கத்தைப் பார்க்க டைமிங் கவரில் ஆயில் வழிக்கென்று ஒரு திருகு மூடி இருக்கிறது. என்ஜின் ஸ்லோவில் ஓடும்போது அதை அரைச் சுற்று தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் உடனே அணையுங்கள், "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" வேண்டாம்.

வரவில்லை என்றால் பார்க்க வேண்டியவை: ஃபில்டர் அறையில் ஃபெல்ட் ஃபில்டர் தலைகீழாகவோ மடங்கியோ இருக்கிறதா? டைமிங் கவருக்கும் கிராங்க் முனைக்கும் இடையில் ஒரு கார்க் வாஷர் இருக்கும். என்ஜினைக் கைமாற்றியவர் கவரைத் திறந்து மூடியிருந்தால் இது பொடிந்திருக்கும், இல்லை போட மறந்திருப்பார். அது இல்லாவிட்டால் ஆயில் கிராங்க்குள் போகாமல் டைமிங் அறைக்குள்ளேயே கொட்டிவிடும். கடைசியாக, கவர் பேக்கிங்கில் ஆயில் ஓட்டைகள் சரியாக வெட்டப்பட்டிருக்கின்றனவா? கடையில் கிடைக்கும் மலிவு பேக்கிங்கில் ஒரு ஓட்டை பாதி மூடியிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். புதிது போடுவதற்கு முன்னால் பழையதன் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பம்பைச் சுற்றும் வார்ம் நட்டைக் கழற்ற நேர்ந்தால் அது இடதுபுரி என்பதை மறக்காதீர்கள். பலமாகச் சுற்றி கிராங்க் முனை மரையை உடைத்தவர்கள் உண்டு.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாலேயே இதைச் செய்திருந்தால் தலைவலி இல்லை. ஆயில் ஊற்றி, பிளக்கைக் கழற்றி வைத்து, அந்தத் திருகு மூடியில் ஆயில் கசியும் வரை கிக்கரை உதையுங்கள். ஐம்பது உதையும் ஆகலாம். கால் வலிக்கும், பரவாயில்லை.

காலையில் ஒரே புகை, பிரீதரில் ஆயில் துப்புகிறது

ஒரு வாரம் நின்ற வண்டியில் மட்டும் இப்படி வந்து, ஐந்து நிமிடத்தில் தெளிந்தால் ரிங் போயிற்று என்று பயப்பட வேண்டாம். பம்ப் டிஸ்க் தேய்ந்திருந்தால், வண்டி நிற்கும்போது டாங்க் ஆயில் மெல்ல வடிந்து கிராங்க் அறைக்குள் இறங்கும். ஸ்டார்ட் செய்ததும் கிராங்க் அதை அடித்துக் கலக்கி மேலே தள்ளும், அதுதான் புகை. நிறுத்தி வைத்திருந்த வண்டியின் டிப்ஸ்டிக்கைப் பார்த்து "ஆயில் குறைந்திருக்கு" என்று மேலும் ஊற்றிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் ஓட்டி, திரும்பும் பம்ப் எல்லாவற்றையும் டாங்குக்குக் கொண்டுபோன பிறகு அளவு பாருங்கள். பம்ப் டிஸ்க்கைக் கண்ணாடியில் வைத்து, லேப்பிங் பேஸ்ட்டில் தேய்த்து உட்கார வைத்தால் பெருமளவு நின்றுவிடும்.

சூடான பிறகும் துப்பினால் பிரீதரை (கேஸுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடும் குழாய்) பாருங்கள். அதன் முனையில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. காய்ந்து வெடித்த ரப்பரோ, மடங்கிய குழாயோ கேஸுக்குள் அழுத்தத்தை ஏற்றி எல்லா சீலிலும் ஆயிலைத் தள்ளும். விலை மலிவு, போட்டுவிடுங்கள்.

எல்லா நேரமும் நீலப் புகை என்றால் மட்டுமே ரிங், வால்வு கைடு பக்கம் போகலாம்.

கை மரத்துப்போகும் அளவுக்கு நடுக்கம்

புல்லட் நடுங்கும், அது தெரிந்ததுதான். ஆனால் அறுபதில் போகும்போது கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்றே தெரியவில்லை என்றால் ஏதோ இறுகவில்லை, அல்லது இழுத்து இறுக்கியிருக்கிறீர்கள்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. பழைய பிரேம் விழுந்து எழுந்திருக்கும், மௌண்டிங் லக் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். என்ஜினுக்கும் பிளேட்டுக்கும் இடையே ஒன்றரை மி.மீ. சந்து இருக்கும். அதை போல்ட்டை இறுக்கியே ஒட்டவைப்பார்கள். அலுமினியக் கேஸின் காது அந்த இழுப்பிலேயே வாழும், ஒருநாள் மேடு பள்ளத்தில் போகும்போது விரிசல் விட்டுவிடும். சந்து இருந்தால் வாஷர் போட்டு நிரப்புங்கள், இழுக்காதீர்கள்.

ஏற்றும் முறை: எல்லா போல்ட்டையும் விரலால் போட்டுவிட்டு, எதையும் இறுக்காமல் விடுங்கள். செயின் வரிசையைப் பாருங்கள். கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டிலிருந்து பின் ஸ்பிராக்கெட்டுக்கு நூல் பிடித்தால் இரண்டிலும் ஒட்டிப் போக வேண்டும். சரியானதும் முன் பிளேட், பிறகு கியர்பாக்ஸ் பின்பக்கப் பிளேட், பிறகு அடி. ஹெட்டையும் மேல் குழாயையும் பிணைக்கும் ஸ்டே கடைசி. அது எந்த இழுப்பும் இல்லாமல் தானாக ஓட்டையில் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் நடுவில் எங்கோ என்ஜின் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. "அந்த ஸ்டே இல்லாமலும் ஓடும்" என்பார்கள். ஓடும். நடுக்கத்தோடு ஓடும்.

ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் வெல்டிங் வைத்து அடைக்காதீர்கள். லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி ஒரு புஷ் அடித்துக் கொடுப்பார்கள், அதுதான் நிற்கும்.

இடதுபக்கம் கரகரவென்று சத்தம்

ஸ்லோவில் உலோகம் உரசும் சத்தம் சீராக வந்தால் முதலில் ஆல்டர்னேட்டர். ஸ்டேட்டர் மூன்று ஸ்டட் மேல், ஸ்பேசர் வைத்து உட்காரும். வேறு என்ஜினுக்கு மாறும்போது ஸ்பேசர் ஒன்று குறைந்தாலும் ரோட்டர் ஒருபக்கம் உரசும். 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் சுற்றிலும் தடையில்லாமல் நுழைய வேண்டும்.

ரேஸ் ஏற்றி இறக்கும்போது மட்டும் தட்டினால் பிரைமரி செயின், அதாவது கிராங்க்கிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் செயின். மூடித் துளை வழியாக விரல் விட்டுப் பாருங்கள், மேலும் கீழும் 6 மி.மீ. போல ஆட வேண்டும். ஒரே இடத்தில் பார்க்காதீர்கள். கிக்கரை உதைத்து நாலைந்து இடத்தில் பார்த்து, இருப்பதிலேயே இறுக்கமான இடத்தில் அந்த அளவை வையுங்கள். இறுக்கமாக வைத்தால் ஊளையிடும் சத்தம் வரும், பேரிங்கையும் தின்றுவிடும். பிரைமரி ஆயிலை லெவல் ஸ்க்ரூவில் வழியும் வரை ஊற்றினால் போதும்.

கிளட்ச் வழுக்குகிறது, கூடவே என்ஜின் ஆயில் குறைகிறது, வெளியே எங்கும் ஒழுகவில்லை என்றால் அந்த ஆயில் பிரைமரிக்குள் போய்விட்டது. கிராங்க் இடதுபக்க சீலையும், உள் கேஸ் பேக்கிங்கையும் மாற்றுங்கள்.

நியூட்ரல் கிடைக்கவில்லை, கியர் நடுவில் விழுகிறது

பழைய கியர்பாக்ஸையே வைத்திருந்தால் இதற்கும் என்ஜின் மாற்றியதற்கும் சம்பந்தம் குறைவு. கிளட்ச் கேபிள் புது வளைவில் சரியாக இழுக்காமல் இருக்கும், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கியர்பாக்ஸும் மாறியிருந்தால் வெளியே இருக்கும் அட்ஜஸ்டர் பிளேட்டின் இரண்டு நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள்.

அம்மீட்டர் எப்போதும் மைனஸில், அல்லது பல்ப் போய்க்கொண்டே இருக்கிறது

உங்கள் பழைய வண்டி 6 வோல்ட்டா, வந்த என்ஜின் 12 வோல்ட்டா? இதைக் கேட்காமலே வயரை நிறம் பார்த்துச் சேர்த்தால் அதிக ரேஸில் பல்ப் ஒவ்வொன்றாகப் போகும். ஒன்று, பழைய ஸ்டேட்டர், ரோட்டரையே புது என்ஜினுக்கு மாற்றுங்கள். அல்லது காயில், ரெகுலேட்டர், பேட்டரி, ஹாரன், எல்லா பல்பும் 12 வோல்ட்டுக்கு மாறட்டும். பாதி அங்கே, பாதி இங்கே வேண்டாம்.

சூடானால் நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது

இரண்டு சந்தேகங்கள். டேப்பட் இறுக்கமாக இருந்தால் சூட்டில் வால்வு மூடாமல் கம்ப்ரஷன் போகும். குளிர்ந்த நிலையில், கம்ப்ரஷன் உச்சியில் புஷ்ராடைச் சுற்றினால் விரலுக்குச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அதற்கு ஃபீலர் கேஜ் தேவையில்லை, விரல் போதும். நின்றவுடன் கிக்கரை அழுத்திப் பாருங்கள். வழக்கமான எதிர்ப்பு இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் டேப்பட்தான்.

எதிர்ப்பு சரியாக இருந்து, பிளக்கில் ஸ்பார்க் மட்டும் மஞ்சளாக, பலவீனமாக இருந்தால் கண்டென்சர் அல்லது காயில். பாயிண்ட் முனையில் ஓயாமல் நீலப்பொறி பறந்தால் கண்டென்சர் மேல் பழி. ஒன்றை மாற்றி ஓட்டிப் பாருங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது போயிற்று என்று கடைசிவரை தெரியாது.

எல்லாம் சரியாகி ஓடத் தொடங்கினால் முதல் நூறு கிலோமீட்டரில் வேகம் வேண்டாம். அப்புறம் என்ஜினை ஒரு ராத்திரி ஆறவிட்டு, காலையில் ஹெட் நட்டுகள், மௌண்டிங், ஸ்டே எல்லாவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். ஹெட்டை இறுக்கினால் டேப்பட்டும் மாறியிருக்கும், அதையும் விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு மூடியைப் போடுங்கள்.